குண்டு எங்கே நிற்கும்?

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வது 29 மாநிலங்களில் அனுமதிச் சீட்டே வேண்டாத உரிமையாகிவிட்டது. அந்தத் துப்பாக்கியில் எந்தத் தோட்டாவை இடுவது என்ற கேள்வி, கடை அலமாரியில் தொடங்கி ஆஸ்பத்திரி, நீதிமன்றம், அடுத்த வீட்டுச் சுவர் வரையில் செல்கிறது.

1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணியளவில், ஃப்ளோரிடா மாநிலத்தில் மயாமி நகருக்குத் தெற்கே, வீடுகள் நிறைந்த ஒரு பகுதியில், கொள்ளையர் இருவர் சென்ற காரை எஃப்.பி.ஐ. என்ற மத்தியப் புலனாய்வு ஸ்தாபனத்தின் அதிகாரிகளுடைய கார்கள் நெருக்கி மோதி ஓரங்கட்டின. அவ்விருவரில் மைக்கேல் பிளாட் என்பவனிடம் ரைஃபிள் இருந்தது. அதிகாரிகளில் பெரும்பாலோரிடம் இருந்தவை கைத்துப்பாக்கிகளே. பிளாட் காரின் ஜன்னல் வழியே ஊர்ந்து வெளியேறிய தருணத்தில், ஜெர்ரி டவ் என்ற அதிகாரி சுட்ட 9 மில்லிமீட்டர் குண்டு ஒன்று அவனுடைய வலது மேற்கையைத் துளைத்து, மறுபுறம் வெளிவந்து, மார்புக் கூட்டினுள் புகுந்து, வலது நுரையீரலைச் சிதைத்து, இருதயத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் இருக்கையில் நின்றுவிட்டது.

அந்தக் காயம் பிளாட்டின் பிராணனை எப்படியும் வாங்கியிருக்கும். ஆனால் உடனே வாங்கவில்லை. அதன் பிறகும் அவன் நடந்தான், சுட்டான், டவ்வையும் அவருடைய சகாவான பெஞ்சமின் குரோகனையும் கொன்றான். ஐந்து நிமிஷத்துக்குள் முடிந்துபோன அந்தச் சண்டையில் கலந்துகொண்ட எட்டு அதிகாரிகளில் இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர். கடைசியில், ஒரு கை செயலற்றுப்போன நிலையில் எழுந்து வந்த எட்மண்டோ மிரெலெஸ் என்ற அதிகாரியின் ரிவால்வர்தான் கொள்ளையர் இருவரையும் வீழ்த்தியது.

இத்தகைய சம்பவத்துக்குக் காரணங்கள் பலவாக இருப்பது இயல்பு: அதிகாரிகள் வகுத்த திட்டம், அவர்களிடமிருந்த ஆயுதம், எதிரியிடமிருந்த ரைஃபிள் ஆகிய யாவும் விசாரணைக்கு உள்ளாயின. ஆயினும் ஸ்தாபனத்தின் கவனம் முழுவதும் போய்ப் பதிந்தது இருதயத்துக்கு முன் நின்றுவிட்ட அந்த ஒரு குண்டின்மீதுதான். இன்று அமெரிக்காவில் ஒரு சாமானியர் தம் கைப்பையிலோ இடுப்புறையிலோ வைத்துக்கொள்ளும் தற்காப்புத் தோட்டா எதுவாயினும், அதன் வம்சாவளி அந்த ஓர் அங்குலக் குறையிலிருந்தே தொடங்குகிறது.

ஜெலட்டின் பாளத்தின் தீர்ப்பு

மயாமிச் சம்பவத்துக்கு முன்பும் குண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் யத்தனங்கள் இல்லாமலில்லை. 1904-இல் அமெரிக்க ராணுவத்தார் மனிதப் பிணங்களின்மீதும், சிகாகோ நகரத்து இறைச்சிக் கூடங்களில் மாடுகளின்மீதும் சுட்டுப் பார்த்து, பெரிய குண்டே சிறந்தது என்ற முடிவுக்கு வந்தனர். பிரசித்தி பெற்ற .45 அங்குலத் தோட்டா பிறந்தது அந்த முடிவிலிருந்துதான். அதற்குப் பிந்திய பல பத்தாண்டுகளில் ‘ஒரே சூட்டில் ஆளைச் சாய்க்கும் சக்தி’ என்ற பெயரில் வீரக் கதைகளும் பட்டியல்களும் பெருகினவேயன்றி, நம்பத்தக்க அளவுகோல் ஒன்று உருவாகவில்லை.

அந்த அளவுகோலைத் தந்தவர் மார்ட்டின் ஃபேக்லர் என்ற ராணுவ அறுவைச் சிகிச்சை நிபுணர். வியட்நாம் யுத்தத்தில் குண்டு பட்ட உடல்களைத் தம் கையால் திறந்து பார்த்த அவர், பிற்பாடு சான் ஃபிரான்சிஸ்கோவில் ராணுவ ஆராய்ச்சிச் சாலையொன்றில் அமர்ந்து, பத்துப் பங்கில் ஒரு பங்கு ஜெலட்டின் கரைத்து 4 டிகிரி சென்டிகிரேடில் குளிரவைத்த பாளமானது தசையில் குண்டு செல்லும் ஆழத்தைத் தக்கபடி காட்டும் என்று நிலைநாட்டினார். கைத்துப்பாக்கிக் குண்டின் வேகத்தில், சதை ஒரு கணம் விரிந்து மீளும் அதிர்ச்சி பெரும்பாலும் பொருட்படுத்தத் தக்கதன்று. குண்டு நேரே கிழித்துச் செல்லும் பாதையும் அந்தப் பாதையின் ஆழமுமே காரியத்தை முடிப்பவை என்பது அவருடைய சித்தாந்தம். 1987-இல் குவாண்டிகோவில் எஃப்.பி.ஐ. கூட்டிய நிபுணர் சபையும், 1989-இல் அந்த ஸ்தாபனம் வெளியிட்ட அறிக்கையும் ஏறக்குறைய இதையே ஏற்றுக்கொண்டன.

பரீட்சை நடக்கும் விதத்தை நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து மங்கிய மஞ்சள் நிறப் பாளம் மேஜைக்கு வருகிறது. அது சரியாக உறைந்திருக்கிறதா என்று அறிய, முதலில் விளையாட்டுத் துப்பாக்கியின் எஃகு மணி ஒன்றை விநாடிக்கு 590 அடி வேகத்தில் அதனுள் செலுத்துகிறார்கள். மணி ஏறத்தாழ எட்டரை சென்டிமீட்டர் ஆழத்தில் நின்றால் பாளம் தகுதி பெறுகிறது. அதன் பின்னரே உண்மைத் தோட்டா சுடப்படுகிறது. ஒளி ஊடுருவும் அந்தப் பாளத்தினுள், நுழைவாயிலில் சற்றே குறுகி, உடனே அகன்று, பிறகு சுருங்கிச் செல்லும் கிழிசற் பாதையும், அதன் கோடியில் வளைந்து விரிந்த செம்பும் ஈயமும் வெளியிலிருந்தே தெரிகின்றன. ஆய்வாளர் அளவுகோலை வைத்து ஆழத்தைக் குறிக்கிறார். பாளத்தைக் கீறிக் குண்டை எடுத்து, அதன் அகலத்தையும் எஞ்சிய எடையையும் குறிக்கிறார்.

அந்த ஆழம் 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 18 அங்குலத்தை மிஞ்சவும் கூடாது. கீழெல்லை மயாமி கற்பித்த பாடம்: குறுக்கே நீட்டிய கையையும் பக்கவாட்டில் திரும்பிய உடலையும் கடந்து உயிர்நிலையை எட்டாத குண்டினால் பிரயோஜனமில்லை. மேலெல்லையோ பின்னால் நிற்பவனை நினைத்து வகுத்தது. தற்காப்புத் தோட்டாவின் தர்மசங்கடம் முழுவதும் இவ்விரண்டு எண்களுக்கு நடுவில் அடங்கியிருக்கிறது.

——————
பெட்டிச் செய்தி: எஃப்.பி.ஐ.யின் ஆறு தடைகள்

• வெறும் ஜெலட்டின் பாளம்
• கனத்த உடை: பனியன், சட்டை, குளிர்கால மேலுடை, டெனிம் ஆகியவற்றின் அடுக்கு
• காரின் கதவுக்கு நிகரான இரண்டு எஃகுத் தகடுகள்
• வீட்டு உட்சுவரில் அடிக்கும் இரண்டு ஜிப்சம் பலகைகள்
• முக்கால் அங்குல ஒட்டுப்பலகை
• காரின் முன்கண்ணாடி, சாய்ந்த கோணத்தில்

ஒவ்வொரு தடையின் பின்னும் பாளம் வைக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து முறை சுடப்படும். காரையும் கதவையும் துளைக்க வேண்டிய நிர்ப்பந்தம் போலீஸாருக்கு நேரலாம். சாமானியருக்கு நேர்வது அரிது. ஆகவே, தனிமனிதர் தோட்டா வாங்கும்போது முதல் இரண்டு பரீட்சைகளின் முடிவையே முக்கியமாகக் கவனிக்கும்படி பயிற்சியாளர் பலர் சொல்லுகிறார்கள்.
——————

குழிந்த முனையின் உத்தியோகம்

பயிற்சிக் களத்தில் சுடுவதற்கு வாங்கும் மலிவான தோட்டாவின் குண்டு, ஈயத்தின்மேல் செம்புறை முழுவதும் போர்த்து, மழுங்கிய முனையோடு இருக்கும். உடலில் பட்டால் அது உருமாறாமல் ஊடுருவி, பெரும்பாலும் மறுபுறம் வெளியேறிப் பயணத்தைத் தொடரும். தற்காப்புக்கென்று விற்கப்படும் ‘ஹாலோ பாயிண்ட்’ குண்டின் முனையிலோ ஒரு குழி இருக்கிறது. ஈரமான தசையில் குண்டு பாயும்போது அந்தக் குழியினுள் நெருக்கும் அழுத்தம் முனையைப் பிளந்து இதழ் இதழாகப் பின்னுக்கு மடக்குகிறது. 9 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குண்டு ஏறக்குறைய 14, 15 மில்லிமீட்டராக அகன்று, தன் வேகத்தைத் தானே தடுத்துக்கொண்டு, உடலுக்குள்ளேயே நின்றுவிட முயல்கிறது.

முனை விரியும் குண்டின் சரித்திரத்தில் நம் தேசத்துக்கும் ஒரு பங்குண்டு. 1890-களில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதச் சாலையில், எல்லைப்புறச் சண்டைகளுக்காக ஆங்கிலேய அதிகாரிகள் செய்வித்த, முனையில் ஈயம் வெளித்தெரியும் ரைஃபிள் குண்டுகளே உலகெங்கும் ‘டம்டம்’ என்ற பெயரில் அபகீர்த்தி பெற்றவை. 1899-இல் ஹேக் நகரில் கூடிய மாநாட்டின் பிரகடனம், உடலுக்குள் எளிதில் விரியும் குண்டுகளை யுத்தத்தில் பிரயோகிக்கலாகாது என்று விலக்கியது. அமெரிக்கா அதில் சேரவில்லை. சேர்ந்த தேசங்களையும் அது யுத்தகளத்தில் மட்டுமே கட்டுப்படுத்துகிறது. போர்க்களத்தில் குரூரம் என்று தள்ளப்பட்ட அதே குணம், ஜனநெருக்கமுள்ள நகரத்தில் வழிப்போக்கருக்கு அளிக்கும் பாதுகாப்பாகக் கொள்ளப்படுவது இந்த விவகாரத்தின் விசித்திரங்களில் முதன்மையானது.

குண்டின் இந்த உத்தியோகம் எப்போதும் சரிவர நடப்பதில்லை. கனத்த துணியின் நூல் குழியை அடைத்துவிட்டால் முனை விரியாமல் போகும். இதைத் தவிர்க்கவே ஹார்னடி கம்பெனியார் குழியினுள் ரப்பர் போன்ற பாலிமர் துண்டைச் செருகுகிறார்கள். குழல் குட்டையானால் வேகம் குறையும். நாலு, ஐந்து அங்குலக் குழலில் அழகாக விரிந்த குண்டு, சட்டைப்பைக்குள் அடங்கும் மூன்றங்குலத் துப்பாக்கியில் விரிய மறுக்கலாம். .380 போன்ற சிறு தோட்டாக்களில் சங்கடம் இன்னும் அதிகம்: விரிந்தால் ஆழம் போதாமலும், ஆழம் போதுமானால் விரியாமலும் அவை அடிக்கடி ஏமாற்றுகின்றன. ஃபெடரல் கம்பெனியின் எச்.எஸ்.டி., ஸ்பியரின் கோல்ட் டாட், வின்செஸ்டரின் ரேஞ்சர் முதலிய பெயர்கள் இன்று நம்பிக்கையோடு உச்சரிக்கப்படுவதற்குக் காரணம், இத்தனை தடைகளிலும் அவை பெரும்பாலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதுதான்.

இந்த அபிவிருத்தியின் விளைவை எஃப்.பி.ஐ.யின் சொந்தச் சரித்திரமே காட்டுகிறது. மயாமிக்குப் பின் அது முதலில் 10 மில்லிமீட்டரையும், பிறகு 1990-இல் பிறந்த .40 தோட்டாவையும் நாடிச் சென்றது. கால் நூற்றாண்டு கழித்து, குண்டின் அமைப்பு மேம்பட்டதையும் பின்னுதைப்புக் குறைந்த துப்பாக்கியில் குறி துல்லியமாவதையும் கண்டு, மீண்டும் 9 மில்லிமீட்டருக்கே திரும்பிவிட்டது.

நியூயார்க் கற்ற பாடம்

மறுபுறம் வெளியேறும் குண்டு என்ன செய்யும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. நியூயார்க் போலீஸார் கணக்கெடுத்தே காட்டினர். 1993-இல் பழைய .38 ரிவால்வர்களை விட்டு 9 மில்லிமீட்டர் துப்பாக்கிகளுக்கு மாறத் தொடங்கிய அந்த இலாகா, பொதுஜன விமரிசனத்துக்கு அஞ்சி, முழு உறை போட்ட குண்டுகளையே உபயோகித்தது. 1995, 1996 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அக்குண்டுகள் பட்ட சம்பந்தமற்ற வழிப்போக்கர் 15 பேர். அவர்களில் ஐவர்மீது பட்டவை வேறொருவர் உடலைத் துளைத்து வெளிவந்த குண்டுகள். 1998-இல் போலீஸ் கமிஷனர் ஹவர்டு சாஃபிர் ஹாலோ பாயிண்ட் குண்டுகளுக்கு மாறப்போவதாக அறிவித்தபோது, குரூர ஆயுதம் என்ற கூக்குரல் எழுந்தது. இந்தக் கணக்கே அதற்கு அவர் தரப்பு விடையாயிற்று.

எனினும் கணக்கின் மற்றொரு பக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். அதே 15 பேரில் எட்டுப் பேர்மீது குண்டு நேராகவே பட்டது. அதாவது, குறி தவறியது. குறி தவறிய குண்டுக்கு, அதன் முனை குழிந்திருந்தாலும் மழுங்கியிருந்தாலும், நிற்பதற்கு உடல் இல்லை.

தவறும் குண்டுகளின் கதை

நியூயார்க் போலீஸாரின் துப்பாக்கிப் பிரயோகத்தை ஆராய்ந்த ராண்ட் ஆராய்ச்சி ஸ்தாபனம், 1998 முதல் 2006 வரையிலான சம்பவங்களில், எதிரியும் சுட்ட சண்டைகளில் அதிகாரிகளின் குண்டுகளில் நூற்றுக்கு 18 மட்டுமே இலக்கில் பட்டன என்று கண்டது. எதிரி சுடாதபோதும் அது நூற்றுக்கு 30-ஐத் தாண்டவில்லை. இவர்கள் சம்பளம் பெற்றுப் பயிற்சி எடுத்தவர்கள். 2012 ஆகஸ்டு 24-ஆம் தேதி எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வாசலில் கொலையாளி ஒருவனை நோக்கி இரண்டு போலீஸார் 16 முறை சுட்டபோது, அவன் மாண்டதன்றி, வழிப்போக்கர் ஒன்பது பேரும் குண்டாலோ அதன் சிதறலாலோ காயமடைந்தனர். உள்ளங்கை வியர்க்க, இருளில், தூக்கத்திலிருந்து விழித்தெழுந்து சுடும் சாமானியர் இவர்களினும் நன்றாகச் சுடுவார் என்று எதிர்பார்ப்பதற்கு நியாயமில்லை.

வீட்டுக்குள் இந்த அபாயம் இன்னும் கூடுதல். நம் ஊர்ச் செங்கற் சுவரை மனத்தில் வைத்துக்கொண்டு அமெரிக்க வீட்டை எண்ணலாகாது. மரச்சட்டத்தின் இருபுறமும் அரை அங்குல ஜிப்சம் பலகையை அடித்து மூடியதே அங்கே உட்சுவர். அதைத் துளைக்கக் கைத்துப்பாக்கிக் குண்டு எதுவும் தயங்குவதில்லை. அதிலும் ஒரு விபரீதம் உண்டு: ஹாலோ பாயிண்ட் குண்டு பலகையைத் துளைக்கும்போது, விபூதிச் சம்புடத்தில் நீறு அடைவதைப்போல் அதன் குழியில் ஜிப்சப் பொடி இறுகிக்கொள்கிறது. குழி அடைபட்ட குண்டு பின்னர் பெரும்பாலும் விரிவதில்லை. சாதாரண உறைக் குண்டாகவே மாறி, அடுத்த அறைக்கும் அதற்கடுத்த அறைக்கும் செல்கிறது. விலையுயர்ந்த தோட்டாவை வாங்கியதால் குழந்தையின் படுக்கையறை பத்திரமாயிற்று என்று நிம்மதி கொள்ளும் தகப்பன், உண்மையில் சுவரைக் கடந்த பின் நம்பத்தக்க பாதுகாப்புத் தராத பொருளையே வாங்கியிருக்கிறான்.

இலக்கில் பட்ட குண்டும் உடனே காரியத்தை முடித்துவிடும் என்பதில்லை. இருதயமே சிதைந்தாலும், மூளையில் எஞ்சிய பிராணவாயு ஒருவனைப் பத்து முதல் பதினைந்து விநாடி வரை இஷ்டப்படி இயங்கவைக்கக் கூடும் என்று எஃப்.பி.ஐ.யின் 1989 அறிக்கை எச்சரித்தது. சினிமாவில் வில்லன் பின்னோக்கிப் பறந்து விழுகிறானே, அந்தத் தள்ளுவிசை எந்தக் கைத்துப்பாக்கித் தோட்டாவிலும் இல்லை.

நியூ ஜெர்சியின் முரண்பாடு

2022 ஜூன் 23-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘புரூவன்’ வழக்கில் அளித்த தீர்ப்பு, விசேஷக் காரணம் காட்டினால்தான் துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லலாம் என்று விதித்திருந்த மாநிலங்களின் கதவைத் திறந்துவிட்டது. நியூ ஜெர்சி அவற்றுள் ஒன்று. அதுவரை அங்கே சாமானியருக்கு எட்டாக்கனியாக இருந்த அனுமதிச் சீட்டு, விண்ணப்பித்துப் பெறக்கூடியதாயிற்று. ஆனால் அதே மாநிலத்தின் சட்டம் ஹாலோ பாயிண்ட் குண்டுகளை நெடுங்காலமாகவே கட்டுப்படுத்தி வந்திருக்கிறது: வீட்டில் வைத்துக்கொள்ளலாம், பயிற்சிக் களத்துக்குக் கொண்டுபோகலாம், வேட்டைக்கும் எடுத்துச் செல்லலாம், இடுப்பில் தரித்துக் கடைவீதியில் நடந்தாலோ, பதினெட்டு மாதம் வரை சிறைவாசத்துக்கு இடமுள்ள குற்றம்.

ஆகவே துப்பாக்கியைத் தரிக்க அனுமதி பெற்றவர், வழிப்போக்கருக்கு அபாயம் அதிகமான உறைக் குண்டையே அதில் இட்டுச் செல்லும் நிலை உண்டாயிற்று. குழியைப் பாலிமரால் நிரப்பிய ஹார்னடி வகைக் குண்டுகள் ‘குழிந்தவை’ அல்ல என்று மாநிலப் போலீஸார் கொண்ட வியாக்கியானமே ஓர் இடுக்கு வழியைத் தந்தது. குரூரத்தைக் குறைக்க உத்தேசித்து இயற்றிய சட்டம், நியூயார்க் போலீஸார் கணக்கெடுத்துக் கைவிட்ட குண்டையே ஜனங்களின் கையில் திணிக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ நகரமும் இவ்வகைக் குண்டுகளின் விற்பனையை 1994-இல் தடுத்தது. அத்தடையை எதிர்த்த வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் ஏற்கவில்லை, உச்ச நீதிமன்றமும் 2015-இல் விசாரிக்க மறுத்தது. இத்தகைய தடைகளை ஆதரிப்பவர், ஒரு மனிதனுக்கு அதிகக் காயம் செய்யவென்றே வடிக்கப்பட்ட பொருளைச் சமூகம் ஏன் சகிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அதைக் கேட்பவர், துளைத்து வெளியேறும் குண்டு யார்மீது படும் என்ற மற்றொரு கேள்விக்கும் விடை வைத்திருக்க வேண்டும்.

——————
பெட்டிச் செய்தி: தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க

நியூ ஜெர்சியின் எடிசனிலும் டெக்சஸின் டல்லஸிலும் குடியேறியிருக்கும் நம்மவர் வீடுகளிலும் இந்தப் பேச்சு எழுகிறது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, துப்பாக்கி மட்டுமன்றித் தோட்டாவைக்கூட வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது. கிரீன் கார்டு பெற்றவருக்கு இத்தடை இல்லை. ஒரே வீட்டில் ஒருவர் பிரஜையாகவும் மற்றவர் விசாவிலும் இருந்தால், பூட்டின் சாவி யார் கையில் என்பதே சட்டப் பிரச்சினையாகக் கூடும். மாநில எல்லையைக் காரில் தாண்டும்போது, டெக்சஸில் சாதாரணமான தோட்டா நியூ ஜெர்சியில் குற்றமாகலாம்.
——————

நீதிமன்றத்தில் ஒரு தோட்டா

தற்காப்புக்காகச் சுட்டவரின் துன்பம் குண்டு நின்றவுடன் நிற்பதில்லை. 2004-இல் அரிசோனாவில், மலைப்பாதையில் தனியே நடந்து சென்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம்மை நோக்கிக் கூச்சலிட்டு ஓடி வந்த மனிதனை 10 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். அவர் வைத்திருந்த துப்பாக்கியின் வலிமையும் அதிலிருந்த ஹாலோ பாயிண்ட் குண்டுகளும் விசாரணையில் பெரிதாகப் பேசப்பட்டன. 2006-இல் ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றனர். பத்தாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஜூரிகளுக்குச் சொன்ன சட்ட விளக்கத்திலும் சாட்சியத்தை விலக்கியதிலும் பிழை கண்டு, அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தது. அதற்குள் சில ஆண்டுகள் சிறையில் கழிந்திருந்தன.

குண்டின் வகையால் ஒருவர் சட்டப்படி கொலைகாரராகிவிடுவதில்லை. போலீஸாரும் அதே வகையைத்தானே தரிக்கிறார்கள் என்று வக்கீல் வாதாடலாம். ஆனால் ஜூரிகளும் மனிதர்களே. பயங்கரமான பெயரும் படமும் அச்சிட்ட பெட்டி சாட்சியப் பொருளாக மேஜைமீது வந்து அமரும்போது, அதை வாங்கியவருடைய மனோபாவத்தைப் பற்றி அவர்கள் ஓர் அபிப்பிராயம் கொள்ளாமல் இருப்பது கடினம். வின்செஸ்டர் கம்பெனி 1991-இல் ‘பிளாக் டேலன்’ என்ற பெயரில், கறுத்த உறையோடும் கூரிய இதழ்களோடும் வெளியிட்ட குண்டின் கதை இதற்குச் சான்று. அந்த இதழ்கள் அறுவைச் சிகிச்சை செய்யும் வைத்தியரின் கையுறையையும் விரலையும் கிழிக்கும் என்ற அச்சம் பரவியது. 1993 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோ அலுவலகக் கட்டடமொன்றில் நடந்த படுகொலையில் அதன் பெயரும் அடிபட, அவ்வாண்டு நவம்பரில் கம்பெனி அதைப் பொது விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டது. அதே யுக்தியில் அமைந்த குண்டு பிற்பாடு சாதுவான வேறு பெயரில் போலீஸாருக்கு விற்கப்பட்டபோது, எந்தக் கூச்சலும் எழவில்லை.

வீட்டிலேயே மருந்தும் குண்டும் அளந்து தோட்டா தயாரிக்கும் வழக்கம் அமெரிக்கரிடையே உண்டு. தற்காப்புக்கு அதை உபயோகிப்பதை அனுபவசாலிகள் பலர் தடுக்கிறார்கள். எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது என்பதை, உடையில் படிந்த மருந்துப் புகையைக் கொண்டு நிர்ணயிக்க வேண்டி வந்தால், கடையில் வாங்கிய தோட்டாவை மறுபடி வாங்கிச் சுட்டு ஒப்பிடலாம். கையால் செய்ததன் கலவைக்குச் செய்தவர் சொல்வதன்றி வேறு சாட்சியில்லை.

கடைக்குச் செல்கிறவர் கணக்கு

இத்தனைக்கும் பின்னர், வாங்குகிறவர் தீர்மானிக்க வேண்டியவை சொற்பமே. முதலாவது, அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கியில் தடையின்றி ஏறி இறங்குகிறதா என்பது. குழிந்த முனை சில துப்பாக்கிகளில் ஏறும்போது சிக்கிக்கொள்ளும். ஜெலட்டினில் முதல் பரிசு பெற்ற தோட்டா குழலின் வாயிலில் சிக்கி நின்றால் அது வெறும் பித்தளைத் துண்டு. ஆகவே சில பெட்டிகளையாவது சுட்டுத் தீர்த்துப் பார்க்க வேண்டும். பயிற்சித் தோட்டா ஒன்று ஏறக்குறைய கால் டாலருக்குக் கிடைக்க, தற்காப்புத் தோட்டா ஒன்று ஒரு டாலரை எட்டும் என்பதால், பலர் இந்தப் பரீட்சையைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, தினந்தோறும் நேரும் ஒரு சிறு சேதம். படுக்கப் போகுமுன் துப்பாக்கியைக் காலிசெய்து, காலையில் அதே தோட்டாவை மறுபடி ஏற்றுபவர், ஒவ்வொரு முறையும் முன்பின் நகரும் மேற்பகுதியான ஸ்லைடின் விசையால் குண்டை உலோகத்தின்மீது மோதவிடுகிறார். சில நாட்களில் குண்டு பித்தளைக் கூட்டுக்குள் மயிரிழை மயிரிழையாக அமிழ்கிறது. புதிய தோட்டா ஒன்றை அருகில் நிறுத்திவைத்தால் பழையது குட்டையாகத் தெரியும். உள்ளே இடம் குறுகியதால், சுடும்போது அழுத்தம் அபாயகரமாக ஏறிக் கையிலேயே துப்பாக்கி உடையக் கூடும். அப்படிக் குறுகிய தோட்டாவை எறிந்துவிடுவதே விவேகம்.

——————
பெட்டிச் செய்தி: தோட்டாப் பெட்டியின்மேல் காண்பவை

• 115, 124, 147 கிரெயின்: 9 மில்லிமீட்டர் குண்டின் எடைகள், முறையே ஏறத்தாழ 7.5, 8, 9.5 கிராம். கனத்தது மெதுவாகச் செல்லும்.
• +பி: அதிக அழுத்தம். 9 மில்லிமீட்டருக்குச் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு என்ற வழக்கமான வரம்பு 38,500 ஆகிறது. உதைப்பு கூடும், பழைய துப்பாக்கிகள் தாங்கா.
• எஃப்.எம்.ஜே.: முழு உறைக் குண்டு, பயிற்சிக்கு உரியது.
• ஜே.எச்.பி.: உறை போட்ட ஹாலோ பாயிண்ட், தற்காப்புக்கு உரியது.
• வரி: விலையில் 11 சதவிகித மத்திய வரி அடங்கியது, அத்தொகை வனவிலங்குப் பாதுகாப்புக்குச் செல்கிறது. கலிபோர்னியா 2024 ஜூலை முதல் மேலும் 11 சதவிகிதம் விதிக்கிறது.
——————

மூன்றாவது, அந்தத் தோட்டாவைச் சுடுபவரின் கை தாங்குகிறதா என்பது. உதைப்பு மிகுந்த தோட்டாவை ஒரு முறை சுட்டு, இரண்டாம் முறைக்கு முன் குறியை இழப்பதைவிட, மிதமானதை நிதானமாகச் சுடுவது நல்லது. எஃப்.பி.ஐ. கால் நூற்றாண்டு செலவழித்து அறிந்துகொண்டதும் இதுவே.

பூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை

நல்ல கம்பெனியின் ஹாலோ பாயிண்ட், துப்பாக்கிக்கு ஒத்துவரும் எடை, பரீட்சித்துப் பார்த்த நம்பகம் என்று தோட்டாவைப் பற்றிய விசாரம் மூன்றே சொற்றொடரில் முடிந்துவிடுகிறது. அதற்குமேல் அலமாரியில் உள்ள பெட்டிகளுக்கிடையே உள்ள வித்தியாசம், சுடுபவரின் பயிற்சிக்கும் பதற்றத்துக்கும் இடையே உள்ள வித்தியாசத்தின் முன் அற்பமானது. ஆனால் தோட்டாவின் பெயர்களைப் பற்றி இரவு பகலாக வாதிக்கும் தேசத்தில், வேறொரு கணக்கு அவ்வளவு வாதிக்கப்படுவதில்லை. 2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டவர் 46,728 பேர். அவர்களில் ஏறக்குறைய 27,300 பேர், அதாவது பாதிக்கும் மேற்பட்டவர், தற்கொலை செய்துகொண்டவர்கள். அந்நியனை எதிர்பார்த்து வாங்கிய ஆயுதம் வீட்டாரின் மனத்தளர்ச்சிக்கு எட்டும் தூரத்தில் கிடக்கிறது என்பதே இதன் பொருள். அங்கே குண்டு விரிந்ததா, எத்தனை அங்குலம் சென்றது, எந்தத் தடையைத் தாண்டியது என்ற கேள்விகளுக்கு அர்த்தமே இல்லை.

துப்பாக்கியைத் தரிப்பது என்று ஒருவர் முடிவு செய்துவிட்டால், தம் குண்டு கடைசியாக நிற்கும் இடத்துக்கும் தாமே பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டுதான் அதைச் செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பில் தோட்டாவின் பங்கு சிறிது. பயிற்சியின் பங்கு பெரிது. சுடாமல் விலகிப் போகத் தெரிந்த விவேகத்தின் பங்கு அதனினும் பெரிது. தோட்டாப் பெட்டியின்மேல் எழுதிய எண்களை ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஒப்பிட்டுப் பார்க்கிறவர், வீட்டுக்கு வேண்டிய இரும்புப் பெட்டியையும் அதன் பூட்டையும் தேர்ந்தெடுக்க இன்னொரு மாலைப்பொழுதை ஒதுக்குவாராக. இவ்விரண்டில் இரண்டாவது மாலையே அந்த வீட்டில் ஓர் உயிரைக் காப்பதற்கு அதிக வாய்ப்புள்ளது.